தலைமாடு கால்மாடு

இந்த வண்டியில் பாதி ஐவின்ட்டுக்கு, பாதி எனக்கு.
எந்தப் பாதி யாருக்கு என்று பேசிக்கொண்டதில்லை.
என் தங்கை குன்வோர் அவனை விட்டுப் போன வருடம்
வீட்டை விற்றார்கள், படகை விற்றார்கள்.
வண்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை.
முன்னாள் மனைவிக்குப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.
முன்னாள் மச்சானுக்கு இல்லை.

அக்டோபர் முதல் வாரம்,
வண்டியைக் கொட்டகையில் அடைக்கும் முன்
ஃபெமுண்ட் ஏரிக்கு ஒரு நடை.
அவன் மேலே, நான் கீழே. அதுதான் ஏற்பாடு.
கொக்கியை விடுவித்துத் தள்ளினால் கூரை எழும்பும்,
மூன்று பக்கம் கித்தான், நாலாவது பக்கம் கீல்,
நடுவே ஒரு பலகை,
அதன்மேல் இரண்டு விரல் கனத்தில் மெத்தை.
நெட்டையன் ஐவின்ட் அங்கே
மடக்குக்கத்தி மாதிரி கிடப்பான்.

மீன் எதுவும் சிக்கவில்லை.
அதைப் பற்றி இரண்டு மணிநேரம் பேசினோம்.

ஜன்னல்களுக்கு வெள்ளித்தாள் தட்டி வெட்டியிருந்தேன்.
ஓட்டுநர் பக்கத்துத் தட்டி இரண்டு அங்குலம் குறைவு,
அந்த இடைவெளியில் என் பழைய கால்சட்டையைத் திணிப்பேன்.
படுக்கும்முன் கெட்டிலைக் கொதிக்கவிட்டு
ரப்பர் பையில் ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு.
அவனுடையதற்கு முயல் படம் போட்ட உறை,
என் மருமகள் சின்ன வயதில் கட்டிக்கொண்டு தூங்கியது.
அடுப்பை எரியவிட்டுத் தூங்கும் அளவுக்கு
நாங்கள் இருவரும் முட்டாள்கள் இல்லை.

இரவு இரண்டு மணிக்கு ஹீட்டர்
மூன்று முறை செருமியது,
ஏதோ சொல்ல வந்ததுபோல.
சொல்லவில்லை.
பேட்டரி இறங்கிவிட்டது. வெளியே மைனஸ் ஒன்பது.
சூடு மேலே போகும் என்பார்கள்.
போனது.
மேலேயும் நிற்காமல் கித்தான் வழியாக
ஏரியைத் தாண்டி ஸ்வீடன் பக்கம் போனது.

மேலிருந்து பல் தந்தியடிக்கும் சத்தம்.
"தோர்கைர், தூங்கிட்டியா?"
"இல்ல."
"கூரைய இறக்கணும்."
ஒரு மணிநேரமாக நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.
சொல்லவில்லை.
கூரை இறங்கினால் மேல்படுக்கை கிடையாது.
மிச்சம் ஒன்றுதான்,
நூற்றுப் பதினான்கு சென்டிமீட்டர் அகலம்.
அளந்து செய்தவன் நான்.
குன்வோருக்கும் அவனுக்கும் என்று அளந்தேன்.

கித்தானில் எங்கள் மூச்சு உறைந்திருந்தது.
மடிக்கப் போனால் கருவாடு மாதிரி விறைப்பு.
அவன் பட்டையைப் பிடித்துத் தொங்க,
நான் மடிப்புகளை உள்ளே தள்ளத் தள்ள
உறைந்ததெல்லாம் பொடிப்பொடியாய் உதிர்ந்து
என் பிடரிக்குள் இறங்கியது.
அவன் மூச்சோ என் மூச்சோ.

தலைமாடு கால்மாடாகப் படுத்தோம்.
அவன் பாதங்கள் என் காதோரம்,
இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறைக்குள்,
நனைந்த ஆட்டு வாசனையோடு.
குதிகாலில் ஒரு கிழிசல்,
சிவப்பு நூலில், கோணலாக, அவனே தைத்தது.
நல்லா இருக்கேன் என்றுதான்
மூன்று வருடமாகச் சொல்லி வந்தான்.

முயல் பையை நடுவில் நகர்த்தினான்.
வெகுநேரம் கழித்து
என் முழங்காலிடம் கேட்டான்,
"எப்படி இருக்கா?"
"இருக்கா. ட்ரம்சோவில குளிர் இவ்வளவு இல்லையாம்."
"ம்."
காலை உதறிப் போர்வையைச் சரிசெய்தான்,
என் பக்கமும் சேர்த்து.

கண்ணாடியில் நீர் கோடாக இறங்கத் தொடங்கியது.
அப்படியென்றால் உள்ளே சூடு ஏறுகிறது.
இரண்டு உடம்பு சேர்ந்தால்
ஒரு ஹீட்டருக்குக் கொஞ்சம் கம்மி.

விடிந்தபின்
கெட்டிலை வைக்க யார் முதலில் எழுவது என்று
இருவரும் நெடுநேரம்
தூங்குவதுபோல் கிடந்தோம்.